முதியோருக்கும் முடியாதோருக்கும் உரிய உதவித்தொகை



பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் சிறு கடை வைத்திருப்பவரின் மனைவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மாமிக்கு எழுபத்துமூன்று வயது. சீனி வியாதியால் ஒரு கால் எடுக்கப்பட்டு இரண்டு வருடமாகிறது. உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்தும் பெயர் வரவில்லையாம். "ஆஸ்பத்திரிதான் இலவசமாச்சே, பிறகெதற்குக் காசு?" என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்களாம். இதே கேள்வியை வெலிமடையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் முன்னரே சிலர் கேட்டிருந்தார்கள். ஆகவே இம்மாதம் இந்தப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரி இலவசம் என்பது உண்மைதான். அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் 1951 இல் நீக்கப்பட்டது. இடையில் 1971 இல், வெளிநோயாளர் ஒவ்வொருவரும் இருபத்தைந்து சதம் கட்ட வேண்டும் என்று ஓர் ஒழுங்கு வந்து, 1977 இல் போய்விட்டது. அந்த இருபத்தைந்து சதம் இன்றைய முதியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். தோட்டங்களின் கதை வேறு. அங்கே வைத்தியம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே இருந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை தொண்ணூறுகளில் தொடங்கியது. அது இன்னும் முழுமையாக முடிந்தபாடில்லை.

ஆனால் இலவச வைத்தியத்துக்குப் போய்வரும் செலவை யார் தருகிறார்கள்? மடுல்சீமையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ ஒரு கால் இல்லாத உம்மாவைப் பதுளைக்குக் கொண்டுபோக பஸ் உதவாது, முச்சக்கர வண்டிதான் வேண்டும். இன்சுலின் ஆஸ்பத்திரியில் தருவார்கள். சீனி பார்க்கும் பட்டியைக் கடையில் வாங்க வேண்டும். மருந்து கைவசம் இல்லாத நாளில் துண்டை எழுதி வெளியில் வாங்கச் சொல்வார்கள். 2022 இல் நாடு பட்ட பாட்டில் இது எந்த அளவுக்குப் போனதென்பது உங்களுக்கே தெரியும். துணைக்குப் போகிறவரின் ஒரு நாள் கூலியும் போய்விடும். எந்தச் சட்டத்திலும் எழுதப்படாவிட்டாலும் இதுவும் வைத்தியச் செலவில் நம்முடைய பங்குதான். அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே முதியவர், அங்கவீனர் ஒருவரின் வருமானம் எல்லையைச் சற்றுத் தாண்டினால், பல மாநிலங்களில் குறித்த ஒரு தொகை வரைக்கும் மருத்துவச் செலவை அவரே ஏற்றபின்தான் அரசு கொடுக்கும். நம் நாட்டில் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. பணமாக ஓர் உதவித்தொகை இருக்கிறது. அதற்குத் தகுதி பெறுவதில்தான் சிக்கல்.

2023 ஜூலையில் சமுர்த்தி உதவித்தொகையின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் அதற்கு அடிப்படை. குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை ஒன்று. அதற்குப் புறம்பாக மூன்று சாராருக்குத் தனி உதவி உண்டு: அங்கவீனர்கள், சிறுநீரக நோயாளர்கள், எழுபது வயதைத் தாண்டிய முதியோர். ஆரம்பத்தில் முதல் இரு சாராருக்கும் மாதம் 5,000 ரூபாய், முதியோருக்கு 2,000 ரூபாய் என்றிருந்தது. 2025 ஏப்ரல் முதல் அவை 10,000 ஆகவும் 5,000 ஆகவும் உயர்த்தப்பட்டன. தொகை மாறக்கூடியது, படிவம் எடுக்கும் நாளில் அன்றைய கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கால் இல்லை, கண் தெரியவில்லை என்பதற்காக மட்டும் இந்த உதவி கிடைத்துவிடாது. வருமானம் குறைந்தவர் என்பதும் நிரூபணமாக வேண்டும். இந்தியாவில் 2024 அக்டோபரிலிருந்து எழுபது வயதான எவருக்கும், வருமானம் பாராமலே, மருத்துவக் காப்புறுதி தருகிறார்கள். இங்கே குடும்ப நிலைமையைப் பார்க்கிறார்கள். அஸ்வெசுமவுக்கு 22 குறிகாட்டிகள் வைத்திருக்கிறார்கள். கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு விடயங்களில் அவை அடங்கும். மின்சாரப் பாவனை கூட அதில் வருகிறது. வீட்டில் தீராத நோயாளியோ அங்கவீனரோ இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

நம் வீடுகளில் பிழை நேர்வது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கணக்கெடுக்க உத்தியோகத்தர் வருகிறார். கணவர் கடையில். நீங்கள் திரைக்குப் பின்னால் நின்று பதில் சொல்கிறீர்கள். "எப்படி, சுகமாக இருக்கிறீர்களா?" "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்லை." அல்லாஹ்வைப் புகழ்வது நம் கடமை. ஆனால் படிவத்தில் அது நோயாளி இல்லாத வீடு என்று பதிவாகிவிடும். உள்ளே கட்டிலில் இருக்கும் மாமியைப் பற்றி அவராகக் கேட்காவிட்டால் நாமாகச் சொல்வதில்லை. பிறவியிலேயே குறையுள்ள பிள்ளை இருந்தால், அக்காவின் கலியாணப் பேச்சுக்கு இடைஞ்சலாகும் என்று அறைக்குள் வைத்துவிடுகிற வீடும் உண்டு. அந்தப் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. சகோதரிகளே, நோயைச் சொல்வது முறைப்பாடு அல்ல, சாட்சியம். கிளினிக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கள்.

அதேநேரம் இல்லாததைச் சொல்லவும் கூடாது. முச்சக்கர வண்டியை மைத்துனர் வீட்டில் நிறுத்திவிட்டு "வாகனமில்லை" என்பது அமானித மோசடி. நமக்குக் கிடைப்பது வேறொரு வீட்டுக்குக் கிடைக்க வேண்டியதாக இருக்கலாம்.

சதகா வாங்குவது போல வெட்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இது சதகா அல்ல. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும் ஏழை விதவையும் அதைக் கட்டுகிறாள். பொதுப் பணத்தில் அவளுக்கும் பங்கிருக்கிறது.

இனிப் பத்திரங்களைப் பார்ப்போம். உவாவில் நமது மூத்த பெண்களுக்கு இதில்தான் அதிகம் சிக்குகிறது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. ஒன்றில் "பீவி", மற்றதில் "உம்மா". நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்து, பதியப்படாமலே விட்டுப்போன திருமணங்களும் உண்டு. மார்க்கப்படியும் முஸ்லிம் விவாகச் சட்டப்படியும் அவை செல்லுபடியானவைதாம். ஆனால் கணவர் மௌத்தான பிறகு விதவை என்று காட்டக் கையில் ஒரு துண்டும் இருக்காது. தோட்டத்தில் பிறந்தவர்களில் பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுமான வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேளுங்கள். எழுபது என்று சொன்னால் போதாது, எழுபதைக் காட்ட வேண்டும். லயத்துக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்திலேயே தங்கிவிடுவதும் உண்டு. அதனால் படிவத்தில் தொலைபேசி இலக்கம் ஒன்றை மறவாமல் எழுதுங்கள், பேரனுடையதானாலும் பரவாயில்லை.

இத்தாவில் இருக்கும் சகோதரிகள் விண்ணப்பத் திகதி கடந்துபோனதாக வருந்துகிறார்கள். நான்கு மாதம் பத்து நாள் நீண்ட காலம்தான். படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக் கையொப்பமிட்டு மகனிடமோ சகோதரனிடமோ கொடுத்தனுப்புங்கள். நிலைமையை விளக்கி ஒரு கடிதமும் வைத்தால், கிராம உத்தியோகத்தரே வீட்டுக்கு வந்து பார்க்க இடமுண்டு. நேரில் போயே ஆக வேண்டுமென்றால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2014 இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும், வீட்டோடு பத்திரங்களும் போனவர்கள் எத்தனையோ பேர். மலைச்சரிவில் இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து, நகரத்தில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அங்கவீனத்துக்கு அரசாங்க வைத்தியரின் சான்று தேவைப்படும். கிளினிக்குக்குப் போகும் நாளிலேயே அதையும் கேட்டால் ஒரு பயணச் செலவு மிச்சம். அறுபது வயதானவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. பிரதேச செயலகத்தில் முதியோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேளுங்கள். அது பணம் தரும் அட்டையல்ல, காரியாலயங்களில் முன்னுரிமை கேட்க உதவும்.

பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியம் செலவில் ஒரு பகுதியைத் தரும். முன்பெல்லாம் அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் கடிதம், செலவு மதிப்பீடு ஆகியவற்றோடு திகதி குறித்தவுடனேயே போங்கள், சத்திரசிகிச்சை முடியும் வரை காத்திருக்க வேண்டாம். தோட்டத்திலோ கம்பனியிலோ இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு ஈ.டீ.எப். சபையிலும் கண் வில்லை, இருதய சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு உதவி இருக்கிறது. வேலையை விட்டு விலகுமுன் விசாரிக்க வேண்டும்.

பசறைச் சகோதரிக்கு: பெயர் வராவிட்டால் அத்தோடு முடிந்துவிடவில்லை. பட்டியல் ஒட்டப்பட்டதும் மேன்முறையீட்டுக்கு ஒரு கால எல்லை தருவார்கள். அதற்குள் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டு வாங்குங்கள். ஏன் விடுபட்டது என்று தெரியாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். கணக்கெடுப்பில் உங்கள் வீட்டைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையே முதலில் கேளுங்கள். மாமியின் கால் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்களப் படிவத்தை நீட்டினால் தமிழ்ப் படிவம் கேளுங்கள்; அது உங்கள் உரிமை.

உங்கள் பக்கத்து லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தமிழ் அம்மா இருப்பார். உங்கள் மாமியின் படிவத்தை நிரப்பும் அன்று அவருடையதையும் நிரப்பிக் கொடுங்கள். அண்டை வீட்டாரின் உரிமைக்கு மதம் கேட்கப்படுவதில்லை. பள்ளிவாசல் நிருவாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஜும்ஆ முடிந்தபின் ஒரு மேசையும், இரு மொழியும் தெரிந்த இரண்டு இளைஞர்களும் இருந்தால் போதும். ஊரின் பாதிப் படிவங்கள் அங்கேயே முடிந்துவிடும். பெண்கள் வருவதற்கு ஓர் ஒதுக்கிடமும் வையுங்கள். கட்டிலில் கிடப்பவர்களின் விபரம் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

பிறவிக் குறையுள்ள பிள்ளைகளின் பாடசாலை பற்றி இரண்டு சகோதரிகள் கேட்டிருந்தார்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பார்ப்போம். வஸ்ஸலாம்.