மலையும் மடமும்

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் திருத்தணிகை மலை விளங்குகின்றது. முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய இம்மலைக்கு, ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள் உண்டு. முற்காலத்தில் காவடி சுமந்து கால்நடையாக வந்தோர் தங்கி இளைப்பாறும் பொருட்டு, அடிவாரத்துச் சரவணப் பொய்கையைச் சூழ மடங்கள் பல எழுந்தன. அவற்றின் மிகுதியால் அவ்விடம் ‘மடம் கிராமம்’ என்றே பெயர் பெற்றது. கோயில் எடுத்தோரைப் போலவே, வந்தோர்க்கு நிழலும் நீரும் அளித்தோரும் அறவோரே ஆவர்.

இக்காலத்தில் ஊர்திகள் மலைமேல் செல்கின்றன. ‘இனி மடங்கள் எதற்கு?’ என வினவுவாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்துவதன்று. ஆடிக் கிருத்திகை நாளில் நடந்தே படியேறுவோர் இன்றும் பலராவர். மாவட்டத்தின் மறுகோடியாகிய கும்மிடிப்பூண்டியில், தொழிற்சாலையில் நாட்கூலி பெறும் ஒருவர் குடும்பத்தோடு வந்து தங்க நேரின், விடுதி வாடகைக்கே அவர்தம் கூலி போதாது. பொருளுடையார்க்கு விடுதிகள் உண்டு. இல்லார்க்கோ அறத்தால் அமைந்த இடமே வீடு.

ஆதலின், பழைய மடங்களைப் பேணுதலும், புதியன அமைத்தலும் வேண்டும். வழிபட வருவோரை வெயிலில் வாடவிட்டுக் கோபுரத்தை மட்டும் அழகு செய்தல் அறமாகாது.