சாமானியனுக்குப் பெண்பால் இல்லை

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் சாவு விழுந்த வீட்டில் கருமாதி இரவு கூத்து விடுவார்கள். பெரும்பாலும் கர்ண மோட்சம்தான். பெரியப்பா இறந்தபோது அரிச்சந்திரன் மயான காண்டம் வைத்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சந்திரமதி வேடம் கட்டிய ஆண், துணி மூட்டையைப் பிள்ளைப் பிணமாக மார்போடு அணைத்துக்கொண்டு விடியற்காலையில் வந்தார். கூட்டமே அழுதது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "உண்மைக்காக ஒரு மனுசன் எவ்ளோ பட்டான் பாரு" என்றார். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "வித்தவன் பேரு நிக்குது. வெல போனவ பேர எவன் சொல்றான்?"

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நான் தமிழில் முனைவர் பட்டம் பெற்று, கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பெரியம்மாவின் கேள்வியை எந்தப் பாடத்திட்டத்திலும் இதுவரை பார்க்கவில்லை. "இக்கதை உணர்த்தும் நீதி யாது?" என்ற கேள்விதான் எப்போதும் இருக்கிறது. மாணவிகளும் தயங்காமல் எழுதுகிறார்கள்: வாய்மையே வெல்லும்.

வென்றது யாருடைய வாய்மை? அதற்கு விலை கொடுத்தது யார்? கதையை ஒருமுறை கணக்குப் பார்ப்போம். பந்தயம் கட்டியவர்கள் வசிட்டரும் விசுவாமித்திரரும். வாக்குக் கொடுத்தவன் அரிச்சந்திரன். விற்கப்பட்டவள் சந்திரமதி. காலகண்டையர் வீட்டில் அடிமை வேலை செய்தவள் அவள். தருப்பை பறிக்கப் போன மகன் லோகிதாசன் பாம்பு கடித்துச் சாக, இரவில் தனியாளாகச் சுடலைக்குத் தூக்கிப் போனவளும் அவள். அங்கே கால்பணமும் முழத்துண்டும் வைத்தால்தான் பிணம் எரிக்கலாம் என்று மறித்தவன் அவள் கணவன். காசு இல்லையென்றால் தாலியை விற்றுக் கொடு என்கிறான். கட்டியவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி என்பதால்தான் இருவரும் ஒருவரையொருவர் அறிகிறார்கள். பின்பு, செய்யாத கொலைக்கு அவளுக்கு மரண தண்டனை. வெட்ட வாள் எடுப்பவனும் அவனே. வாள் மாலையாகிறது, தேவர்கள் வருகிறார்கள், அரிச்சந்திரன் தேறிவிட்டான் என்கிறார்கள். தேர்வு எழுதியவள் ஒருத்தி, பட்டம் பெற்றவன் இன்னொருவன்.

சிறுவன் காந்தி இந்த நாடகத்தைப் பார்த்து உருகியதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல உண்மையாளராக இருக்கக் கூடாது என்று தன்னையே கேட்டுக்கொண்டாராம். நல்ல கேள்விதான். ஆனால் அந்த 'எல்லோரும்' என்பதற்குள் சந்திரமதி வருகிறாளா? எல்லோரும் அரிச்சந்திரனானால் ஒவ்வொருவருக்கும் விற்க ஒரு சந்திரமதி வேண்டுமே!

இந்தக் கதையை 'அரசன் சாமானியனாகிப் படும் பாடு' என்று பாராட்டுவது நம் வழக்கம். அவன் எப்படிச் சாமானியன் ஆகிறான்? வீரபாகுவுக்கு அடிமையாகிச் சுடலை காக்கிறான். எங்கள் ஊர்களில் அந்த வேலையைச் சில குடும்பங்களின் தலையில் பிறப்பாலேயே கட்டி வைத்தோம். அரசன் கொஞ்ச காலம் செய்தால் தியாகம், காலனிக்காரர் தலைமுறை தலைமுறையாகச் செய்தால் அது அவர் தொழில். அந்த வீட்டுப் பெண்ணுக்கோ கதையில் ஒரு வரிகூடக் கிடையாது. இன்றும் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல் நிற்கிறது. பாடையை அங்கே இறக்கிவைத்துச் சடங்கு செய்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே சுடலைக்குப் போன சந்திரமதியின் வழி வந்த பெண்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இலக்கண வகுப்பில் ஒருநாள் 'சாமானியன்' என்ற சொல்லுக்குப் பெண்பால் கேட்டேன். மாணவிகள் 'சாமானியள்' என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அப்படி யாரும் எழுதுவதில்லை, பேசுவதும் இல்லை. பெண் தமிழில் தாயாகலாம், பத்தினியாகலாம், பரத்தையாகலாம், தெய்வமாகலாம். சும்மா ஒரு ஆளாக இருக்க அவளுக்குச் சொல் இல்லை.

எங்கள் ஊரின் பெருமையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள் இங்கே இருக்கின்றன. 2020இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் உத்திரமேரூரின் பெயர் ஒலித்தது. சாமானியனின் சனநாயகம் என்கிறார்கள். கல்வெட்டு சொல்லும் தகுதி என்ன? இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதக் கல்வி. அது பிராமணர்களின் சபை. 30 குடும்புகளில் எதிலும் பெண்ணின் பெயர் ஓலை ஏற வழியில்லை. நிலத்தை உழுதவரின் பெயருக்கும் வழியில்லை. கணக்குக் காட்டாதவனை விலக்கிய அந்த விதிகளின் நேர்த்தியை நான் மறுக்கவில்லை. அதை 'எல்லோருடையது' என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

சிலப்பதிகாரத்தைக் குடிமக்கள் காப்பியம் என்று போற்றுகிறோம். கண்ணகியின் தகப்பன் மாநாய்கன், கோவலனின் தகப்பன் மாசாத்துவான். இருவரும் புகாரின் பெருவணிகர்கள். அரசனை ஒட்டிப் பார்த்தால்தான் அவர்கள் குடிமக்கள். இருந்தாலும் ஒரு பெண் அரசவையில் நின்று வழக்காடி வென்ற காப்பியம் அது. அதனால் எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. ஆனால் அவள் வென்றதும் காப்பியம் அவளை மனுஷியாக விட்டுவைக்கவில்லை, தெய்வமாக்கிவிட்டது. வழக்காடுவதற்கான தகுதியையும் அவளுடைய கற்பில்தான் தேடினோம். கற்பை யாரும் மெச்சாத ஒரு பெண்ணின் கணவனை அநியாயமாக வெட்டியிருந்தால் நியாயம் கேட்க முடியாதா?

இவையெல்லாம் பழங்கதைகள், இன்றைய அளவுகோலால் அளக்காதே என்பார்கள். பழங்கதையா? மூன்றாண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கவிதை எழுதுவாள். அவள் அப்பா, நண்பர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பர் ஊரைவிட்டுப் போய்விட்டார். 'சொன்ன சொல் தவற மாட்டேன்' என்று அப்பா கடனைத் தானே ஏற்றார். அம்மாவின் நகை போனது. அம்மா செங்கல் சூளைக்குப் போனாள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போனாள். ஊரில் இன்றும் அவரை 'வாக்கு மாறாத மனுசன்' என்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டாரா என்று எவரும் கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, நாம் கற்பித்த நீதியைச் சரியாகக் கற்றவர்.

சந்திரமதிக்காகத்தானே எல்லோரும் அழுகிறோம், அது மரியாதை இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். கண்ணீர் அவளுக்கு, நீதி அவனுக்கு என்று பங்கு பிரிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். அவளைத் துயரப்படுபவளாக மட்டும் வைத்திருந்தால், அவள் முடிவெடுக்கக்கூடியவள் என்பதே நம் நினைவுக்கு வராது.

நீதி சொல்லும் பெண் நமக்கு ஒருத்திதான் வாய்த்தாள், ஔவை. அவளையும் கூன் விழுந்த கிழவியாக்கிய பிறகே கோல் ஊன்றி நீதி சொல்ல விட்டோம். இன்குலாப் 'ஔவை' நாடகத்தில் அவளைச் சங்ககாலத்துப் பாணர் மரபின் பெண்ணாக மீட்டார், அ. மங்கை மேடையேற்றினார். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடப் பயின்றார்கள். கதைகளைக் கொளுத்த வேண்டியதில்லை என்பதற்கு இவையே சான்று. கதையை யார் சொல்கிறார், யார் ஆடுகிறார் என்பது மாறினாலே நீதியும் இடம் மாறும்.

மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். நீதி என்று எதைக் கொடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். முடிவெடுத்தவர் யார்? விலை கொடுத்தவர் யார்? பெயர் யாருக்கு நின்றது? மூன்றுக்கும் ஒரே ஆள் விடையாக வந்தால் அதை அறம் என்று ஒப்புக்கொள்ளலாம். இல்லையென்றால் விடைத்தாளில் வாய்மையே வெல்லும் என்று எழுதாதீர்கள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

போன பருவத்தேர்வுக்கு வினாத்தாள் எடுக்கும் முறை எனக்கு வந்தது. "அரிச்சந்திரன் கதையில் விலை கொடுத்தவர் யார்? விளக்குக" என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வைத்தேன். ஒரகடத்து மாணவிக்கு அதைப் படமெடுத்து அனுப்பினேன். நைட் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வரும்போது பதில் போட்டிருந்தாள்: "அஞ்சு மார்க் பத்தாதும்மா."