ஓய்வுக்குப் பின் என்று ஒதுக்கி வைத்தவை



வளைகுடாவில் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பும் சகோதரர்களிடம் ஓய்வுக்காலத் திட்டம் யாதென வினவினால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. வீடு கட்டியாயிற்று, மகளுக்கு நிக்காஹ் முடிந்தது. இனி ஹஜ் செய்ய வேண்டும், குர்ஆனைத் தஜ்வீதுடன் ஓதக் கற்க வேண்டும், ஐவேளையும் ஜமாஅத்துடன் தொழ வேண்டும். கேட்க இனிய ஆசைகள்தாம். ஆனால், இவற்றுள் எதனையும் மார்க்கம் ஓய்வுக்காலத்திற்கென்று ஒதுக்கி வைக்கவில்லையே!

ஹஜ்ஜை எடுத்துக்கொள்வோம். சக்தி பெற்றவுடன் அதனை நிறைவேற்றிவிட வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், செய்யும் உறுதியோடு தாமதிக்க இடமுண்டு. இதனை நம்மவர் நன்றாகவே அறிந்து வைத்துள்ளனர். அவ்வாறு தாமதித்தவர் செய்யாமலே மரணித்தால், அவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து பிறரைக் கொண்டு ஹஜ் செய்விக்க வேண்டும் என்பதும் அதே மத்ஹபின் சட்டம்தான். அதைத்தான் எவரும் நினைவில் வைப்பதில்லை. மேலும், ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஏழு முறை நடப்பது மட்டுமே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வரும். நாற்பது வயதின் முழங்கால் அதனைத் தாங்கும். அறுபதின் முழங்காலைப் பற்றி நாம் என்ன உறுதி கூற முடியும்? ரியாதிலும் தம்மாமிலும் பல்லாண்டுகள் வாழ்ந்தும் ஹஜ் செய்யாமல் திரும்பியோர் நம்மிடையே உளர்.

குர்ஆன் ஓதுவது நாம் அன்றாடம் காணும் துறை. ஸீனையும் ஸாதையும் ஒன்றாகவே ஒலித்துப் பழகிய நாவை வயது ஏற ஏறத் திருத்துவது கடினம். எனினும் அது இயலாத செயலன்று. நபித்தோழர்கள் முதிர்ந்த வயதிலும் கல்வி கற்றனர் என இமாம் புகாரி பதிவு செய்துள்ளார். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டென்பது நபிமொழி. பெரியவர்களைத் தடுப்பது நாவன்று, நாணமே. பேரன் வயதுப் பிள்ளைகளுடன் அமர அவர்கள் கூசுகின்றனர். ஒவ்வொரு மஹல்லாவிலும் இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் அவர்களுக்கெனத் தனி வகுப்பு நடத்துவது ஜமாஅத்தினருக்குப் பெரிய செலவன்று.

இனிப் பணம். அரசு ஊழியருக்கேனும் ஓய்வூதியம் என ஏதோ உண்டு. சபுராளிக்கு அதுவும் இல்லை. அமீரகச் சட்டப்படி பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதன்பின் 30 நாள் சம்பளம். இருபது ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 18.5 மாதச் சம்பளம். அதுவும் அடிப்படைச் சம்பளம் மட்டுமே. இத்தொகையை வங்கியில் போட்டு வட்டியில் வாழலாம் என எண்ணுவோர் ஒருபுறம். மைத்துனரின் வியாபாரத்தில் வாய்மொழியாகவே போட்டுவிட்டுப் பின்னர் உறவையும் இழப்போர் மறுபுறம். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிப்பதுதான். கூட்டு வியாபாரத்தையும் எழுதி வைப்பதில் என்ன தயக்கம்? நெருங்கிய உறவிடம் பத்திரம் கேட்பது அவமதிப்பாகாது.

இத்தனைக்கும் மேலாக, எவரும் பேசாத ஒன்று உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை விருந்தினரைப் போல் வந்து சென்றவர் இனி நிரந்தரமாக வீட்டில் இருக்கப் போகிறார். அவ்வீட்டை இத்தனைக் காலம் நடத்தியவர் அவருடைய மனைவி. பள்ளிக்கட்டணம், மாமியாரின் மருத்துவம், கொத்தனார் கூலி எல்லாம் அவர் கையால் நடந்தவை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடே பெண்ணுக்குரியது. வந்திறங்கிய மறுவாரமே சமையலறைக் கணக்கு கேட்கத் தொடங்கும் கணவரால் எத்தனை இல்லங்கள் அமைதி இழந்தன என்பதை அவரவர் தெருவிலேயே காணலாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். ஆணையிடுவதை விட அது எளிதும் கூட.

ஆகவே, அடுத்த விடுப்பில் ஊர் வரும் சகோதரர்கள் இத்திட்டத்தை நண்பர்களிடம் கூறுமுன் மனைவியிடம் கூறுங்கள். அவருக்கும் ஹஜ் செய்யும் ஆசை இருக்கும். அவர் பங்குக்கு இதுவரை எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதையும் அன்றே இருவரும் அமர்ந்து எழுதிப் பாருங்கள்.