பெயர் தெரியாதவனுக்குப் புகழ்

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஒயிட்சாப்பல் என்றொரு வட்டாரம் உண்டு. அங்கே பெருஞ்சாலை ஓரத்தில் கிழக்கு லண்டன் பள்ளிவாசல் கம்பீரமாக நிற்கிறது. குளிர்கால மாலைகளில் மஃரிப் தொழுகை முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளையில், அதே வட்டாரத்தின் சந்துகளில் வேறொரு கூட்டம் நடமாடத் தொடங்கும். இருபது முப்பது பேர் கொண்ட குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒரு வழிகாட்டி. அவர் ஓரிடத்தில் நின்று கையை நீட்டிக் குரலைத் தாழ்த்திப் பேசுவார். கூட்டம் மூச்சை அடக்கிக் கேட்கும். பின்னர் அடுத்த சந்துக்கு நகரும். சில குழுவினர் கையடக்கக் கருவி ஒன்றைக் கொண்டு சுவரிலே பழைய படங்களை வீழ்த்திக் காட்டுவதும் உண்டு. கட்டணம் கொடுத்து, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கொலைகளின் இடங்களைக் காண வந்தவர்கள் இவர்கள்.

நம் குடும்பங்களிலிருந்து மேற்படிப்புக்கும் வேலைக்கும் லண்டன் செல்லும் பிள்ளைகள் பெருகியிருக்கும் காலம் இது. விடுமுறை மாலையொன்றில் நண்பர்கள் அழைக்க, அவர்களும் இந்த நடைக்குச் சீட்டு வாங்கக் கூடும். ஆகவே இதைக் குறித்து இம்மாதம் சற்று விரிவாகவே எழுதலாம் என்று எண்ணினேன்.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 முதல் நவம்பர் 9 வரையிலான பத்து வார காலத்தில் அவ்வட்டாரத்திலும் அதன் எல்லையிலும் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டனர். ஒருவனே ஐவரையும் கொன்றான் என்பது பரவலான கருத்து. அவன் பிடிபடவில்லை, யாரென்றும் இன்றளவும் தெரியவில்லை. கொலைகள் நடந்த விதத்தை இப்பக்கத்தில் விவரிக்கப் போவதில்லை. பிள்ளைகளும் படிக்கும் இதழ் இது. மேலும், அந்த விவரத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் இங்குள்ள வேதனை.

இந்த நடையில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. பார்ப்பதற்கு அங்கே ஏறக்குறைய எதுவுமே இல்லை! முதல் கொலை நடந்த பக்ஸ் ரோ என்ற தெருவில் குடியிருந்தோர் அவப்பெயர் தாங்காமல் முறையிட்டதால், 1892-ல் அதன் பெயரே டர்வார்டு தெரு என்று மாற்றப்பட்டது. இரண்டாவது கொலை நடந்த ஹான்பரி தெரு 29-ஆம் எண் வீட்டை இடித்து மதுபான ஆலையை விரிவாக்கினார்கள். மூன்றாவது நிகழ்ந்த பெர்னர் தெருவுக்கு இன்று ஹென்ரிக்ஸ் தெரு என்று பெயர். நான்காவது நிகழ்ந்த மைட்டர் சதுக்கத்தில் புதிய கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. ஐந்தாவது நிகழ்ந்த டார்செட் தெருவோ அடியோடு மறைந்து, அங்கே அலுவலகக் கட்டடம் வந்து விட்டது. கோட்டையோ கல்லறையோ காணச் செல்வோருக்குக் கண் முன்னே கல்லாவது இருக்கும். இங்கே எல்லாம் வழிகாட்டியின் நாவில்தான் இருக்கிறது. அவர் எதைச் சொல்கிறாரோ அதுவே வரலாறு. எதை விடுகிறாரோ அது இல்லாமல் போகிறது. வகுப்பறையில் நின்று பாடம் சொல்லும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்தப் பொறுப்பின் கனம் எனக்குச் சிறிது புரியும்.

அந்த நாவில் அதிகம் புரளும் பெயர் ‘ஜாக் தி ரிப்பர்’ என்பது. கிழிப்பவன் ஜாக் என்று பொருள். இது கொலைகாரனின் பெயரன்று. 1888 செப்டம்பர் இறுதியில் லண்டன் செய்தி நிறுவனம் ஒன்றுக்குச் சிவப்பு மையில் எழுதிய கடிதமொன்று வந்தது. அதன் அடியில் இடப்பட்டிருந்த ஒப்பம் அது. அக்கடிதம் பரபரப்புக்காகப் பத்திரிகைக்காரர் ஒருவரே எழுதியது என்று காவல்துறை உயர் அதிகாரிகள் பின்னாளில் கருதினர். ‘தி ஸ்டார்’ என்ற மாலை ஏடு அவ்வாண்டு ஜனவரியில்தான் தொடங்கப்பட்டிருந்தது. இக்கொலைகளின் செய்தியால் அதன் விற்பனை மளமளவென்று ஏறிற்று. ஆக, யாரென்றே தெரியாத ஒருவனுக்குப் பெயர் சூட்டி, அப்பெயரை வீதிதோறும் கூவி விற்றிருக்கிறார்கள். இன்று கடைகளில் அப்பெயர் பொறித்த சட்டைகளும் கோப்பைகளும் கூடக் கிடைக்கின்றன.

பெயர் உள்ளவர்களோ ஐந்து பெண்கள்.

மேரி ஆன் நிக்கல்ஸ், வயது 43. கருமான் தொழில் செய்தவரின் மகள். அச்சகத் தொழிலாளி ஒருவரின் மனைவி. ஐந்து பிள்ளைகளின் தாய். இல்லறம் முறிந்தது, குடி பற்றிக் கொண்டது, ஏழை விடுதிகளில் காலம் கழிந்தது. அன்றிரவு படுக்கைக்கு வேண்டிய நான்கு பென்னி கையில் இல்லாததால் விடுதியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். விடிவதற்குள் உயிர் போயிற்று.

அன்னி சாப்மன் ஒரு படைவீரரின் மகள். கணவர் குதிரை வண்டியோட்டி. இவர்களுக்கு மூன்று மக்கள். மூத்த மகள் பன்னிரண்டு வயதில் மூளைக் காய்ச்சலால் இறந்தாள், மகனோ உடற்குறையோடு பிறந்தவன். கணவரைப் பிரிந்த பின்னும் அவர் வாரம் பத்து ஷில்லிங் அனுப்பி வந்தார். 1886 கடைசியில் அவர் இறந்ததும் அந்தப் பணம் நின்றது. அதன் பிறகு அன்னி ஊசிப் பின்னல் வேலை செய்தும் பூ விற்றும் நாளை ஓட்டினார். கொல்லப்பட்ட இரவில் இவரும் படுக்கைக் காசு இல்லாமல் வெளியே வந்தவரே.

எலிசபெத் ஸ்ட்ரைடு சுவீடன் நாட்டில் கோதன்பர்க் நகருக்கு அருகே பிறந்தவர். லண்டனில் கணவரோடு சேர்ந்து காப்பிக் கடை நடத்தியவர். இறந்த அன்று பகலில், தான் தங்கியிருந்த விடுதியின் அறைகளைத் துப்புரவு செய்து ஆறு பென்னி கூலி பெற்றிருந்தார். காதரின் எடோஸ் தகரப் பட்டறைத் தொழிலாளியின் மகள். அச்செப்டம்பரில் கென்ட் மாவட்டத்துக்குக் கூலிக்கு ஹாப்ஸ் காய் பறிக்கப் போய், காசு மிஞ்சாமல், நடந்தே லண்டன் திரும்பியவர். உணவுக்காகத் துணைவரின் காலணியை அடகு வைத்திருந்தார்கள். ஐவரிலும் இளையவர் மேரி ஜேன் கெல்லி. வயது இருபத்தைந்தை ஒட்டியது.

இவர்கள் அனைவரும் ஒழுக்கம் கெட்டவர்கள் என்ற ஒரே சொல்லில் அன்றைய ஏடுகள் இவர்களை முடித்து விட்டன. நூறாண்டுக் காலம் பிறரும் அதையே எழுதினர். 2019-ல் ஹேலி ரூபன்ஹோல்டு என்ற வரலாற்றாசிரியை இந்த ஐவரின் வாழ்க்கையை மட்டுமே ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். ஐவரில் மூவரைப் பற்றி அந்தப் பழியைச் சொல்ல உறுதியான சான்று இல்லை என்று அதில் வாதிட்டார். நூலுக்குப் பரிசும் கிடைத்தது, மறுப்பும் கிளம்பிற்று. அந்த வழக்கு எப்படியோ போகட்டும். பழி உண்மையாகவே இருந்தாலும் நான்கு பென்னிக்கு வழியில்லாத ஒரு தாயின் உயிர் மலிவாகி விடுமா? அவ்வாண்டு ஒயிட்சாப்பல் வட்டாரத்தில் இத்தகைய விடுதிகள் 233 இருந்தன என்றும், இரவுதோறும் ஏறத்தாழ 8,500 பேர் அவற்றில் தங்கினர் என்றும் காவல்துறையே கணக்கெடுத்தது. கொலைகாரனைத் தேடியவர்களின் கண்ணில் தற்செயலாகப் பட்ட கணக்கு இது!

வழிகாட்டிகளில் பலர் விட்டுவிடும் இன்னொரு செய்தி உண்டு. நாம் அவசியம் அறிய வேண்டியது.

1881-க்குப் பிறகு ரஷ்ய நாட்டில் நடந்த கொடுமைகளுக்கு அஞ்சி ஓடி வந்த யூத ஏழைகள் அப்போது அவ்வட்டாரத்தில் நிறைந்திருந்தனர். தையல், காலணி வேலை, சிறு வாணிபம் இவையே அவர்களின் பிழைப்பு. கொலைகள் தொடங்கியதும், ‘ஓர் ஆங்கிலேயன் இதைச் செய்திருக்க மாட்டான்’ என்ற பேச்சு எழுந்தது. தெருவில் யூதர்கள் தாக்கப்பட்டனர். ஜான் பைசர் என்ற காலணித் தொழிலாளி செப்டம்பர் 10 அன்று கைது செய்யப்பட்டார். கொலை நடந்த வேளைகளில் அவர் வேறிடத்தில் இருந்தது மெய்ப்பிக்கப்பட்டதால் விடுவிக்கப்பட்டார். அம்மாத இறுதியில், கௌல்ஸ்டன் தெருவில் ஒரு வாயிலின் சுவரில் யூதரைக் குறிக்கும் வாசகம் ஒன்று சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. நகரக் காவல் ஆணையர் சர் சார்லஸ் வாரன் நேரில் வந்து, பொழுது புலரும் முன்பே அதை அழிக்கச் செய்தார். புகைப்படம் எடுக்கும் வரை பொறுக்கலாம் என்று பிற அதிகாரிகள் கூறியும் அவர் கேட்கவில்லை. விடிந்து மக்கள் அதைக் கண்டால் கலவரம் மூளும் என்று அஞ்சினார். (இந்த வாரன்தான் இருபது ஆண்டுகளுக்கு முன் பைத்துல் முகத்தஸைச் சுற்றி அகழ்வாய்வு நடத்தியவர்.) தடயத்தை அழித்தார் என்று அவரை இன்றும் பழிப்போர் உண்டு. நான் அவர் பக்கமே நிற்பேன். ஒரு சமுதாயத்தின் வீடுகள் எரிவதைக் காட்டிலும் ஒரு சுவரின் எழுத்து அழிவது சிறிது.

அந்த யூதர்கள் பின்னாளில் வேறு பகுதிகளுக்குக் குடி பெயர்ந்தனர். அவ்விடத்துக்கு வங்கதேசத்து முஸ்லிம்கள், பெரும்பாலும் சில்ஹெட் மாவட்டத்தவர், வந்தனர். அதே தையல், அதே தோல் வேலை. பிரிக் லேன் தெருவில் 1743-ல் பிரெஞ்சு அகதிக் கிறிஸ்தவர்கள் கட்டிய தொழுகைக் கூடம் 1898-ல் யூதர் ஆலயமாகி, 1976-ல் பள்ளிவாசல் ஆயிற்று. வட்டாரம் அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் 2021 மக்கள் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு நாற்பது பேர் முஸ்லிம்கள். கொலைக் கதை கேட்கும் குழு எந்தச் சன்னலின் கீழே நிற்கிறதோ, அந்தச் சன்னலுக்கு உள்ளே ஒரு தாய் தன் குழந்தையைத் தூங்க வைத்துக் கொண்டிருக்கக் கூடும்.

அந்நியர் மேல் பழி போடும் வழக்கமும் அங்கேயே தங்கி விட்டது. 1978 மே 4, உள்ளாட்சித் தேர்தல் நாள். அந்நியரை வெளியேற்று என்று முழங்கிய கட்சியொன்று பல இடங்களில் வேட்பாளர்களை நிறுத்தியிருந்தது. அன்று மாலை, அல்தாப் அலி என்ற வங்காள இளைஞர் தையற்கூட வேலை முடிந்து ஆட்லர் தெரு வழியாக வீட்டுக்கு நடந்து கொண்டிருந்தார். மூன்று சிறுவர்கள் அவரை வழிமறித்துக் குத்திக் கொன்றனர். பத்து நாட்கள் கழித்து, மே 14 அன்று, அவருடைய ஜனாஸாப் பெட்டியின் பின்னால் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் பிரதமர் மாளிகை வரை நடந்தனர். மர்ஹூம் அல்தாப் அலி விழுந்த இடத்தை ஒட்டிய பூங்காவுக்கு 1998-ல் அவர் பெயரே சூட்டப்பட்டது. அவரைக் கொன்றவர்களின் பெயர் அங்கே எவர் வாயிலும் இல்லை.

அழிவு நேர்ந்த இடங்களைக் காணச் செல்வது கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் காணுமாறு திருமறையே பன்முறை ஏவுகிறது. ஆனால் தபூக் பயணத்தின்போது ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியைக் கடக்கையில், அழுதவர்களாகவே அன்றி அங்கே நுழைய வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) தோழர்களுக்குக் கூறி, விரைந்து கடந்தார்கள். அங்கே அழிந்தவர்களோ அநியாயக்காரர்கள். அநியாயத்துக்கு ஆளாகி மடிந்தவர்களின் இடத்தில் எப்படி நடக்க வேண்டும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

எல்லா வழிகாட்டிகளையும் ஒரே தட்டில் வைப்பதும் நியாயமன்று. டொனால்டு ரம்பெலோ என்ற முன்னாள் காவலர் 1975-லேயே இதைப் பற்றி ஆதாரங்களோடு நூல் எழுதி, நடைகளையும் நடத்தியிருக்கிறார். அவ்வூர் மக்களும் வாளாவிருக்கவில்லை. 1976-ல் ஒரு மதுக்கடை தன் பழைய பெயரை நீக்கி இக்கொலைகாரனின் பெயரை மாட்டிக் கொண்டது. பெண்கள் கொதித்தெழுந்து எதிர்க்கவே, 1988-ல் பழைய பெயருக்கே திரும்பிற்று. 2015-ல், மகளிர் வரலாற்றுக் காட்சியகம் என்று சொல்லி அனுமதி பெற்ற ஒரு கட்டடம் கேபிள் தெருவில் இவன் பெயரால் திறக்கப்பட்டபோதும் வாயிலில் மறியல் நடந்தது.

லண்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. பகல் வேளையில், கட்டணம் இன்றி, நீங்களே நடக்கலாம். ஆல்ட்கேட் ஈஸ்ட் நிலையத்தில் இறங்கினால் அல்தாப் அலி பூங்கா அருகிலேயே இருக்கிறது. அவ்விடத்தில்தான் முன்னாளில் வட்டாரத்துக்கே பெயர் தந்த வெள்ளைத் தேவாலயம் இருந்தது. அங்கிருந்து சாலையோடு சிறிது தூரம் சென்றால் கிழக்கு லண்டன் பள்ளிவாசல். அதற்கான நிதி 1910-ல் தொடங்கிற்று. குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிக்தால், அப்துல்லாஹ் யூசுப் அலி ஆகிய இருவரும் அப்பணியில் பங்கு கொண்டவர்கள். இப்போதுள்ள கட்டடம் 1985-ல் திறக்கப்பட்டது. பிறகு திரும்பிப் பிரிக் லேனில் நடந்து, மூன்று சமயத்தார் மாறி மாறி இறைவனை வணங்கிய அந்தப் பழைய கூடத்தில் லுஹர் தொழுது கொள்ளலாம். அதற்கு இரண்டு மூன்று தெருக்கள் வடக்கே ஹான்பரி தெரு. பின்னல் வேலை செய்தும் பூ விற்றும் பிழைத்த அன்னி சாப்மன் கடைசியாக நடந்து சென்ற தெரு அதுதான். 29-ஆம் எண் இருந்த பக்கத்தில் மதுபான ஆலையின் சுவர் மட்டும் நீளமாக நிற்கிறது.