கடற்கரையின் கணக்கும் நகரத்தின் கடனும்

2017-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி பூந்துறை, விழிஞ்ஞம், அடிமலைத்துறை, பொழியூர் முதலிய கரைகளிலிருந்து வழக்கம்போல் கடலுக்குச் சென்றவர்களில் பலர் திரும்பவில்லை என்பதும், கடலில் எழுந்தது புயல் என்ற முறையான அறிவிப்பு மறுநாள் நண்பகலை ஒட்டித்தான் வந்து சேர்ந்தது என்பதும், காணாமற்போனவர்களையும் சேர்த்துக் கேரளத்தில் 143 உயிர்களை ஒக்கி என்னும் அப்புயல் கொண்டுபோயிற்று என்பதும், அவர்களுள் பெரும்பாலோர் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடலோரத்தவர் என்பதும் நாடறிந்த செய்திகள். துக்கத்தைப் பற்றி அப்போதே நிறைய எழுதப்பட்டது. அதன் பிறகு வந்த பணத்தைப் பற்றியும், வராமற்போன பணத்தைப் பற்றியும், இன்னமும் வந்தாக வேண்டிய பணத்தைப் பற்றியும் நிதானமாக யோசித்தவர்கள் மிகச் சிலரே என்று தோன்றுவதால் இதை எழுதத் துணிகிறேன்.

பேரிடர் நிவாரணத்துக்கு மத்திய சர்க்கார் வகுத்திருக்கும் அட்டவணையை ஒருவர் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். ஒக்கி வீசிய காலத்தில் நடைமுறையிலிருந்த அந்த அட்டவணை, படகு, தோணி, கட்டுமரம் எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கி, முழுவதும் அழிந்துபோன கலத்துக்கு 9,600 ரூபாயும், பழுதுபட்ட கலத்தைச் செப்பனிட 4,100 ரூபாயும், முழுவதும் அழிந்த வலைக்கு 2,600 ரூபாயும் விதித்திருந்தது. பூந்துறைக் கரையில் நிற்கும் ஒரு ஃபைபர் வள்ளத்துக்கும், அதன் பின்புறம் மாட்டப்படும் இரண்டு அவுட்போர்டு எஞ்சின்களுக்கும், வலைக்கும், ஐஸ் பெட்டிக்கும் பல லட்சம் ரூபாய் முதல் போட்டிருக்கிறார்கள். 2022-இல் இந்த விதிகள் திருத்தப்பட்டபோது 9,600 என்பது 15,000 ஆயிற்று. மாநில சர்க்கார் தன் கையிலிருந்து இதற்கு மேலும் கொடுக்கலாம், கொடுக்க முன்வந்ததும் உண்டு. ஆயினும், ஒரு தேசத்தின் நிவாரண சாஸ்திரத்தில் மீனவனுடைய ஜீவனோபாயத்துக்கு மதிப்பாக எழுதப்பட்டிருப்பது இந்தத் தொகைதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்றக் கணக்குகளை எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

புயல் அடித்த நகரங்களின் சரித்திரத்தில் திருவனந்தபுரத்தின் நிலை விசித்திரமானது. 2005-இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, வரி கொடுப்பவர்களே ஊரில் இல்லாமற்போனதால், நகர நிர்வாகம் ஏறத்தாழ 3,000 ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்த நேர்ந்தது. நஷ்டம் நகரத்தின் பொக்கிஷத்திலேயே விழுந்தபடியால் மறுவாழ்வு என்பது நகரம் முழுவதற்குமான பிரச்னை ஆயிற்று. இங்கோ புயல் கடலோடு போயிற்று. தலைமைச் செயலகத்தில் ஒரு நாற்காலியும் நனையவில்லை. டெக்னோபார்க் தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு நாள் வேலையும் நிற்கவில்லை. மாநகராட்சியின் கட்டட வரியில் ஒரு ரூபாயும் குறைந்திருக்கக் காரணமில்லை. பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் பூந்துறையில் வீட்டுக்கு வீடு ஓலம் எழுந்துகொண்டிருக்கையில், கிழக்கேகோட்டையில் கடைகள் திறந்திருந்தன. 2010-ஆம் ஆண்டிலேயே விழிஞ்ஞமும் மாநகராட்சியின் எல்லைக்குள் சேர்ந்துவிட்டபடியால், அடிபட்டது நகரமேதான். ஆனால் அடிபட்ட உணர்ச்சி நகரத்துக்கு உண்டாகவில்லை. நகரத்தின் வருமானம் குறையாததாலேயே நகரத்தின் கணக்கு மறுபடி திறந்து பார்க்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் நஷ்டம் எந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டது? கரையில் மீன் ஏலம் விடும் தரகர்களின் குறிப்பேடுகளில் எழுதப்பட்டது. வள்ளம் வாங்கவும் எஞ்சின் வாங்கவும் தரகர் முன்பணம் கொடுப்பதும், அந்தக் கடன் தீரும்வரை பிடித்து வரும் மீனை அவரே ஏலம் விட்டுத் தமக்குரிய பங்கைக் கழித்துக்கொள்வதும் இந்தக் கரையின் பழைய ஏற்பாடு. இதிலிருந்து மீனவர்களை விடுவிக்க வேண்டும் என்பதற்காகவே 1984-இல் மத்ஸ்யஃபெட் என்னும் கூட்டுறவு அமைப்பு தோன்றி, கடன் வசதி செய்து, மீனின் முதல் விற்பனையை மீனவர் கைக்கே கொண்டுவர முயன்று வந்திருக்கிறது, பலரை விடுவித்தும் இருக்கிறது, எல்லோரையும் அல்ல. வள்ளம் கடலில் மூழ்கினால் அதன் மேல் வாங்கிய கடன் கூடவே மூழ்குவதில்லை. தலைச்சுமையாக மீன் கொண்டுபோய்த் தெருத்தெருவாக விற்று வந்த மனைவியோ தாயோதான் அந்தக் கடனுக்கு வாரிசு. சர்க்காரின் நஷ்டக் கணக்கில் இந்தக் கடனுக்கு ஒரு பத்தி கிடையாது.

இறந்தவர்களுடைய குடும்பங்களுக்குக் கேரள சர்க்கார் தலா 20 லட்சம் ரூபாய் கொடுத்தது என்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மத்திய அட்டவணை ஒரு மரணத்துக்கு 4 லட்சம் என்றுதான் விதித்திருந்தது. காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சாதாரணச் சட்டப்படி ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற நிலையில், அந்தக் காத்திருப்பை ஒதுக்கிவிட்டு அவர்களுடைய குடும்பங்களுக்கும் அதே தொகையைக் கொடுத்தது நியாயமான, தைரியமான முடிவு. பணம் சில மாதங்களில் கரைந்துபோகாமல் இருக்கும்பொருட்டு அதைக் கருவூல வைப்பாக வைத்ததும் யோசனையுள்ள காரியம். எல்லைக்கு அப்பால் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர்க் கரைகளில் துக்கப்பட்டவர்களுக்குத் தமிழக சர்க்காரும் முதலில் அறிவித்த 10 லட்சத்தை 20 லட்சமாக உயர்த்திற்று. 1956 நவம்பர் 1 வரை ஒரே ராஜ்யமாக இருந்து, இன்றும் கொள்வினை கொடுப்பினை விட்டுப்போகாத பொழியூரும் நீரோடியும் இந்த ஒரு விஷயத்திலாவது சமமாக நடத்தப்பட்டன. ஆனால் மரணத்துக்குக் கிடைத்த இந்த மரியாதை, உயிரோடு கரை சேர்ந்தவனுடைய தொழிலுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் முறையீடு.

ஒக்கியின் சேதங்களுக்காகவும் கரையோரப் புனரமைப்புக்காகவும் கேரளம் மத்திய சர்க்காரிடம் கேட்டது 7,340 கோடி ரூபாய். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து அங்கீகரிக்கப்பட்டது சுமார் 170 கோடி. கேட்டது மிகை என்று சொல்பவர்கள் உண்டு, இருக்கலாம். ஆயினும் இவ்விரு தொகைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பேரம் பேசுவதால் வருவது அன்று. இரண்டு சர்க்கார்களும் வெவ்வேறு விஷயங்களைப் பற்றிப் பேசியதால் வருவது. மத்திய நிதி அன்று உடனடி நிவாரணத்துக்கு மட்டும் உரியதாக இருந்தது; மாநிலம் கேட்டதோ வீடு, துறைமுகம், கடலரிப்புத் தடுப்பு, தொழில் எல்லாவற்றையும் அடக்கிய மூலதனம். அந்த மூலதனத்துக்கு எந்த விதியின் கீழும் இடமில்லாதபோது, மாநிலம் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் கடலோரத்துக்கென 2,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. இன்று ஒரு சாதாரணப் பிரஜை அந்த 2,000 கோடி எங்கே எவ்வளவு சென்றது என்று அறிய விரும்பினால், மீன்வளத் துறை, துறைமுகப் பொறியியல் துறை, நீர்ப்பாசனத் துறை, கிஃப்பி என்னும் மாநில உள்கட்டமைப்பு நிதி வாரியம், முதலமைச்சர் நிவாரண நிதி என்று பல அலுவலகங்களின் தாள்களைப் புரட்ட வேண்டும். தனிக் கணக்கு இல்லாத பணம் எப்படியெல்லாம் திசைமாறக்கூடும் என்பதற்கு, முதலமைச்சரின் ஹெலிகாப்டர் பயணம் ஒன்றுக்குப் பேரிடர் நிதியிலிருந்து 8 லட்சம் கொடுக்க 2018 ஜனவரியில் பிறந்து, எதிர்ப்பு எழுந்தவுடன் ரத்தான உத்தரவு ஒன்றே போதும்.

வீடுகளின் விஷயத்தில் உருப்படியான வேலை நடந்திருக்கிறது. நகரத்தின் முட்டத்தறையில் 2018-இல் 192 குடும்பங்களுக்கும், 2025 ஆகஸ்டில் 332 குடும்பங்களுக்கும் அடுக்கு வீடுகள் கிடைத்தன. கடலரிப்பில் வீடிழந்து வலியதுறைக் கிடங்குகளிலும் பள்ளிக்கூட அறைகளிலும் துணித் திரை கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு கதவும் ஒரு பூட்டும் எவ்வளவு பெரிய சம்பத்து என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் வசிக்கும் 18,685 குடும்பங்களை இடம் மாற்றுவதற்காக 2,450 கோடி ரூபாய் மதிப்பில் வகுக்கப்பட்ட ‘புனர்கேகம்’ திட்டமும் நல்ல நோக்கமுடையதே. ஆனால் அது நிலத்துக்கு 6 லட்சம், வீட்டுக்கு 4 லட்சம் என்று வரம்பு கட்டுகிறது. விமான நிலையமும் தொழில்நுட்ப நிறுவனங்களும் நிலத்தின் விலையை ஏற்றிவிட்ட இந்த நகரத்தில், கடலுக்கு நடந்துபோகும் தூரத்தில் அந்தத் தொகைக்கு மூன்று சென்ட் நிலம் வாங்கிக் காட்டுகிறவர் யாரும் இல்லை. வள்ளம் கரையில் கிடக்க, வள்ளக்காரன் பத்து மைலுக்கு அப்பால் குடியிருப்பதென்றால், இரவு இரண்டு மணிக்குக் காற்று திரும்புவதை அவன் எங்கிருந்து அறிவான்?

சங்குமுகத்தில் அலை அறுத்துக்கொண்டுபோன சாலையைப் பூமிக்குள் ஆழமான கான்கிரீட் சுவர் கட்டி மீட்டு 2022-இல் திறந்தார்கள். அது அவசியம் செய்ய வேண்டிய வேலை, நன்றாகவும் செய்யப்பட்டது. விமான நிலையத்துக்குப் போகும் வழியாதலால் அதற்குப் பணம் கண்டுபிடிக்க முடிந்தது. அங்கிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால் வலியதுறை. 1956-இல் கட்டப்பட்ட கடற்பாலம் 2021-இல் இடிந்து தாழ்ந்ததும், கடலோரத்து வீட்டு வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக அலைக்குள் போனதும் அந்த ஊரில்தான். அங்கே இருப்பவர்களுக்குச் சாலையளவு முன்னுரிமை கிடைக்கவில்லை.

நகரத்தார் மறக்கக்கூடாத ஒரு கைம்மாறு பாக்கியாக இருக்கிறது. ஒக்கி கழிந்து ஒன்பது மாதத்துக்குள், 2018 ஆகஸ்டில் மத்திய கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, இதே விழிஞ்ஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூருக்கும் பத்தனம்திட்டைக்கும் சென்று, கூரை மேல் நின்றவர்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களுக்கு முன் கடலில் தங்களைத் தேட யாரும் உரிய நேரத்தில் வரவில்லை என்று மனம் கசந்திருந்தவர்கள் அவர்கள்.

இனி விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வருகிறேன். என் வாதம் முழுவதும் அங்கேதான் போய் நிற்கிறது. 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தின் முதற்கட்டச் செலவு 8,800 கோடிக்கு மேல். அதில் பெரும்பங்கு மாநிலத்தினுடையது. ஒக்கி அந்தத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் வேலையையும் தாக்கிற்று. வேலையின் தாமதத்துக்குரிய காரணங்களில் ஒன்றாக அதைத் துறைமுகத்தைக் கட்டும் அதானி நிறுவனம் எடுத்துக்காட்ட, வழக்கு நடுவர் மன்றம்வரை சென்று, இறுதியில் சமரசமாகி, ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு நீட்டிக்கப்பட்டது. இதை நான் குறை சொல்லவில்லை. மனித சக்திக்கு அப்பாற்பட்ட இடையூறு நேரும்போது ஒப்பந்தக்காரருக்கு அவகாசம் தருவது நீதி. ஒரே புயல் ஒரே கடலில் இருவரைத் தாக்கியபோது, ஒருவருக்கு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட உரிமை இருந்தது, மற்றவருக்கு 9,600 ரூபாய் அட்டவணை இருந்தது. இரண்டாமவருக்கும் எழுதப்பட்ட உரிமை ஒன்று வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்தச் சமரசத்தையடுத்து ஏற்பட்ட துணை ஒப்பந்தத்தின்படி 2034-இலிருந்து துறைமுக வருமானத்தில் மாநிலத்துக்குப் பங்கு கிடைக்கத் தொடங்கும். மத்திய சர்க்கார் துறைமுகத்துக்குத் தர இசைந்த சுமார் 818 கோடி ரூபாயை இந்த வருமானத்திலிருந்தே திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் ஏற்கப்பட்டுவிட்டது. ஆகையால், பணம் வருவதற்கு எட்டு ஒன்பது ஆண்டுக்கு முன்பே அதன் மேல் உரிமை கொண்டாடுபவர்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வரிசையில் கடற்கரை முதலில் நிற்க வேண்டும். மாநிலப் பங்கில் இன்ன சதவீதம் திருவனந்தபுரம் கடலோர நிதிக்கு என்று சட்டசபையில் இப்போதே ஒரு சட்டம் இயற்றி, அந்த வருமானத்தை ஈடாக வைத்துக் கடன் பத்திரங்கள் வெளியிட்டால், 2034 வரை காத்திராமல் வேலையைத் தொடங்கலாம்.

இது கேள்விப்படாத யோசனை அன்று. 1900 செப்டம்பர் 8-ஆம் தேதி 6,000-க்குக் குறையாத ஜனங்களைப் பலிகொண்ட சூறாவளிக்குப் பின், அமெரிக்காவின் கால்வெஸ்டன் ஊரில், 15 லட்சம் டாலருக்கு மாவட்டக் கடன் பத்திரம் வெளியிட்டு 1904-க்குள் மூன்று மைலுக்கு மேற்பட்ட கடற்சுவரை எழுப்பினார்கள். 1915-இல் மறுபடியும் பெரும் சூறாவளி வந்தபோது அச்சுவர் ஊரைக் காத்தது. சுவர் கட்டும்படி நம்மவருக்கு நான் சொல்லவில்லை. கரைவலை இழுக்கவும் வள்ளம் ஏற்றவும் மணற்கரை வேண்டும். கருங்கல் போட்ட இடத்தில் தொழில் போய்விடும் என்பதைக் கரைக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். துறைமுகக் கட்டுமானத்தால் வடக்கே கரை அரிக்கப்படுகிறது என்று அவர்கள் 2022-இல் மாதக்கணக்கில் போராடியதும், அதை ஆராய நிபுணர் குழு அமைந்ததும் தெரிந்தவையே. நான் எடுத்துக்கொள்வது கால்வெஸ்டனின் சுவரை அன்று, அதன் நிதி முறையை.

அந்த நிதி எதற்குச் செலவாக வேண்டும் என்பதை முடிவு செய்யும் சபையில் அதிகாரிகளுக்குச் சமமான எண்ணிக்கையில் மீனவரும், மீன் விற்கும் பெண்களும் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அதன் கணக்கு மலையாளத்தில் அச்சாகி ஒவ்வொரு கடலோர வார்டிலும் ஒட்டப்பட வேண்டும். முதற்செலவு, வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் அன்றைய சந்தை விலையில் காப்பீடு செய்வதாக இருக்கட்டும். சந்தாவின் பெரும்பகுதியை நிதி கட்டட்டும். இரண்டாவது, தரகர் கடனில் சிக்கியவர்களுடைய கணக்கை ஒரே தடவையில் தீர்த்து, அவர்களை மத்ஸ்யஃபெட் கடனுக்கு மாற்றுவது. கடலுக்கு அருகிலேயே, முட்டத்தறையைப் போல, சர்க்கார் நிலத்தில் வீடுகள் எழுப்புவது அதற்கடுத்தது. எச்சரிக்கைக்கென்று வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை மையம் 2018-இலிருந்து திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் செய்தி ஆழ்கடலில் நிற்கும் கடைசி வள்ளம்வரை போய்ச் சேருவதற்குரிய கருவியையும் வள்ளக்காரனே விலை கொடுத்து வாங்கும்படி விடாமல் நிதியே தர வேண்டும்.

இந்தச் சட்டத்துக்குப் புதிய வரி வேண்டியதில்லை. பங்கைப் பிரித்து ஒதுக்க மத்திய சர்க்காரின் தயவும் வேண்டியதில்லை. மாநிலத்தின் பங்கு எவ்வாறு பிரிக்கப்படும் என்பதை மாநில சட்டசபையே தீர்மானிக்கலாம். கடலோரத் தொகுதிகளில் வோட்டுக் கேட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும், 2034-இல் வரும் முதல் ரூபாயில் இந்தக் கரைக்கு எத்தனை காசு என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள இன்னும் சமயம் இருக்கிறது.