பெருச்சாளியின் காதுக்குள் இருப்பது எது?

எலியின் உடலில் புதிய சிற்றுண்ணி இனம் ஒன்று கண்டறியப்பட்டது என்று செய்தி வந்தால், உள்பக்கத்தில் நாலு வரியோடு அது முடிந்துவிடும். புதிய தவளைக்கும் ஆர்க்கிட் மலருக்கும் கிடைக்கும் மரியாதை இதற்குக் கிடைப்பதில்லை. இதெல்லாம் ஆராய்ச்சியாளர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அது தவறு மட்டுமன்றி ஆபத்தானதும்கூட. ஹைதராபாத்தின் மாதாப்பூரை எடுத்துக்கொள்வோம். 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட காலத்தில் அந்தப் பகுதி பெரும்பாலும் பாறையும் புதருமாகத்தான் இருந்தது. இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆனாலும் இடையிடையே புல் மண்டிய காலி மனைகளும் கட்டட இடிபாடுகளும் உண்டு. பெருச்சாளி வளை தோண்டுவதற்கு ஏற்ற இடங்கள் அவை. இப்படிப்பட்ட இடங்களில் எலிகளைப் பிடித்து, அவற்றின் மேல் வாழும் சிற்றுண்ணிகளை இனம் பிரித்துப் பெயரிடுவது பொதுச் சுகாதாரத் துறையின் வழக்கமான வேலையாக வேண்டும்.

இதற்கு முதல் சாட்சி மாதாப்பூரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, பேகம்பேட்டையில் இருக்கிறது. 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் அங்கேதான் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அவர் அறுத்துப் பார்த்த கொசுக்களில் பெரும்பாலானவை மனித மலேரியாவைப் பரப்பாதவை. கொசு வகைகளை அவருக்குப் பிரித்தறியத் தெரியாது. சாம்பல் கொசு, வரிக் கொசு என்று தாமாகவே அடையாளம் வைத்துக்கொண்டார். கடைசியில் விடை தந்த கொசுவையும் புள்ளிச் சிறகுக் கொசு என்றுதான் அவரால் எழுத முடிந்தது. அடுத்த ஆண்டு இத்தாலியில் கிராஸி என்ற விலங்கியலாளர், மனித மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் என்று பெயர் சொல்லிக் காட்டினார். எந்தக் கொசு எந்த நீரில் முட்டையிடுகிறது, எதை ஒழிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு அதன் பிறகுதான் வழி திறந்தது.

எலிக்கு வருவோம். பிடிபட்ட பெருச்சாளியை மயக்கி, காதுமடலை விரித்துப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மாவு அப்பியதுபோல் ஒரு திட்டு தெரியலாம். அதன் ஒவ்வொரு துகளும் ஆறு கால் கொண்ட ஒரு சிற்றுண்ணிக் குஞ்சு. கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை ஊசிமுனையால் எடுத்து ஆல்கஹாலில் சேமித்து, லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்து, ஒளி ஊடுருவும் பக்குவம் வந்ததும் சிலைடில் ஏற்றுவார்கள். பிறகு முதுகுத் தகட்டின் மயிர்களை எண்ணுவார்கள். லெப்டோட்ரோம்பிடியம் பேரினமானால் ஐந்து மயிர்களும், நூலாக மெலிந்த இரண்டு உணர்மயிர்களும் இருக்கும். ஸ்கோன்காஸ்டியெல்லா பேரினத்தில் தகடு நீண்டிருக்கும், உணர்மயிர் தடித்திருக்கும். மைக்ரான் கணக்கில் எடுத்த அளவுகள் ஏற்கெனவே விவரிக்கப்பட்ட எந்த இனத்தோடும் ஒத்துவராதபோதுதான் அது புதிய இனம் ஆகிறது. இந்தக் குஞ்சு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பிற உயிரை ஒட்டி உண்ணும். வளர்ந்தபின் மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்று வாழும். இதன் கடியால் மனிதருக்குப் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலின் கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வருகிறது. அதே பெருச்சாளியின் உடலில் வெப்பமண்டல எலிச் சிற்றுண்ணியும் இருக்கக்கூடும். அது வளையிலேயே தங்கி, திரும்பத் திரும்ப இரத்தம் குடிக்கும். கட்டடத்தில் எலிகளை மட்டும் விஷம் வைத்துக் கொன்றால் பசியோடு மனிதர்களைத் தேடி வரும். முன்னதற்குப் புல்லையும் புதரையும் கவனிக்க வேண்டும், பின்னதற்குக் கட்டடத்தையும் வளையையும். இரண்டையும் எலிப்பூச்சி என்று ஏட்டில் எழுதிவைத்தால் மாநகராட்சி ஊழியர் எதைச் செய்வார்?

தமிழ்நாட்டுக்கு ஸ்க்ரப் டைஃபஸ் புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வுக் குழு 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரைத் தொடர்ந்து கண்காணித்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு ஸ்க்ரப் டைஃபஸ் தொற்று ஏற்படுவதாக 2025இல் தெரிவித்தது. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொன்ற மூளைக்காய்ச்சலுக்கு நெடுங்காலம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஸ்க்ரப் டைஃபஸ் தொற்றின் தடயம் இருப்பதை, சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிற்பாடுதான் காட்டினார்கள். இனம் பிரிக்கும் வேலையை ஒழுங்காகச் செய்த முன்னுதாரணமும் நம்மிடம் உண்டு. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குக் காய்ச்சல் வெளிப்பட்டபோது, ஆய்வாளர்கள் உண்ணிகளை இனவாரியாகப் பிரித்தார்கள். பரப்புவதில் முதன்மையான இனத்தை அடையாளம் கண்டதோடு, புதிய இனங்களையும் விவரித்தார்கள். 1964இல் ஹீமாஃபைசாலிஸ் கியாசனூரென்சிஸ் என்ற உண்ணிக்குப் பெயரிட்டவர்களில் ஒருவரான பி.கே. ராஜகோபாலன், பின்னாளில் புதுச்சேரியின் நோய்ப்பரப்பிகள் ஆராய்ச்சி மையத்துக்கு இயக்குநரானார்.

ஸ்க்ரப் டைஃபஸைக் குணமாக்க டாக்சிசைக்ளின் மாத்திரை இருக்கும்போது சிற்றுண்ணியின் பெயர் எதற்கு என்று கேட்கலாம். மருந்து நல்ல மருந்துதான். ஆனால் உறுப்புகள் பாதிக்கப்பட்ட பிறகு வரும் நோயாளியை அந்த மாத்திரை மட்டும் காப்பாற்றிவிடாது. இந்தப் பகுதியில் இந்தச் சிற்றுண்ணி உண்டு என்று மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், காய்ச்சலோடு வருபவரின் அக்குளிலும் இடுப்பிலும் சிற்றுண்ணி கடித்த தடமான கருத்த பொருக்கு இருக்கிறதா என்று முதல் நாளே தேடுவார். மரபணுச் சோதனை வந்துவிட்டதே, மயிர் எண்ணும் வேலை இன்னும் எதற்கு என்பது அதைவிட வலுவான கேள்வி. மரபணு வரிசையை எதோடு ஒப்பிடுவது? தேனீக்களை அழிக்கும் வர்ரோவா சிற்றுண்ணியை உலகம் பல்லாண்டுகள் வேறொரு இனத்தின் பெயரால் அழைத்தது. 2000இல் மரபணு ஆய்வு அதைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டியபோது, அந்தப் பெயருக்கு உரிய, 1904இலேயே விவரிக்கப்பட்ட ஜாவா இனம் ஒப்பிடக் கைவசம் இருந்தது. இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும். கட்டுரை எண்ணிக்கைக்காக ஒன்றிரண்டு மாதிரிகளை வைத்துக்கொண்டு புதிய இனம் அறிவிப்பவர்களும் உண்டு என்ற குறையில் நியாயம் இருக்கிறது. பல எலிகளிலிருந்து, பல பருவங்களில் எடுத்த மாதிரிகள் இல்லாமல் வரும் விவரிப்பை இதழாசிரியர்கள் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்பும் வகையைச் சேர்ந்த இந்தியச் சிற்றுண்ணிகளைப் பற்றி இந்திய விலங்கியல் அளவாய்வகம் வெளியிட்ட விரிவான தொகுப்பு 2003ஆம் ஆண்டுடையது. அதற்குப் பிறகு மாதாப்பூர் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையும் அப்படித்தான். ஹைதராபாத்தில் அளவாய்வகத்தின் மண்டல மையம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, மரபணு ஆய்வகங்கள் இருக்கின்றன. தேவைப்படுவது சிற்றுண்ணி வகைப்பாட்டியலாளருக்கான நிரந்தரப் பணியிடமும், மாநகராட்சியின் எலி ஒழிப்புப் பிரிவு பிடிக்கும் எலியை ஆய்வகத்துக்கு அனுப்பும் ஓர் உத்தரவும்தான். மழைக்காலம் முடிந்து காய்ச்சல் ஏறுவதற்குள் அந்த உத்தரவைத் தெலங்கானா அரசு பிறப்பிக்கட்டும். தமிழக அரசும் அதையே செய்யட்டும்.