இரும்புக்கு ஈயம் போதுமா?

போன வாரம் பேரனுடைய சைக்கிள் ஸ்டாண்டு முறிந்துவிட்டது. சோல்டரிங் அயர்னோடு உட்கார்ந்துவிட்டான். "ஈயம் இரும்பில ஒட்டாதா தாத்தா?" என்றான். ஒட்டும், தாங்காதுடா என்றேன். அதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் கசப்பானது.

ஐ.டி.ஐ. முடித்த புதிது. எங்கள் வீட்டு இரும்புப் பெட்டிக்கு நம்மூர்க் கைவேலைப் பூட்டு. (திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோதும் எனக்கு இந்தப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.) அக்கா கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாவி கழுத்தில் முறிந்தது. நகையெல்லாம் உள்ளே. "நான் பார்த்துக்கிறேன்ப்பா" என்று வாங்கிக்கொண்டேன்.

ரேடியோக்காரர்கள் வைக்கும் பேஸ்ட் இரும்புக்குப் போதாது. பழைய டார்ச் செல்லின் துத்தநாகத் தகட்டை ஆசிட்டில் போட்டு, நுரை அடங்கியதும் அந்தத் தண்ணீரைத் தடவினேன். ஈயம் வெள்ளியாக ஓடிப் பிடித்தது. எனக்கு ஒரே பெருமை. முகூர்த்தத்தன்று விடியற்காலை அப்பா சாவியைத் திருப்பினார். பாதி அவர் கையில், பாதி பூட்டுக்குள். அக்கா சித்தியின் இரவல் சங்கிலியோடு மணமேடை ஏறினாள். அப்பா என்னைத் திட்டவே இல்லை.

தப்பு ஈயத்தின் மீதல்ல. முனையோடு முனை வைத்து ஒட்டியது என் தப்பு. முறுக்கு முழுவதும் சுண்டுவிரல் நகமளவு ஈயத்தின் தலையில் விழுந்தது. இரும்பின் பலத்தில் சிறு பங்குகூட ஈயத்துக்குக் கிடையாது. சாவிக்குப் பித்தளைப் பற்று வைத்திருக்க வேண்டும். தகர வேலைக்காரர்களைப் பாருங்கள். ஓரத்தை மடித்து, தட்டி இறுக்கிய பிறகுதான் ஈயம் விடுவார்கள். பலம் மடிப்பில் இருக்கிறது. கசிவை அடைப்பதுதான் ஈயத்தின் வேலை.

அதனால், "இரும்புக்கு ஈயமா?" என்று கேலி செய்து ஓட்டை வாளியைக் காயலான் கடைக்குப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக்கிடந்த ஊர் இது. ஒரு சொட்டு ஈயத்தில் அந்த வாளி இன்னும் பல வருடம் உழைக்கும். பற்றவைத்த பின் ஆசிட் போகக் கழுவ வேண்டும், இல்லையென்றால் அந்த இடமே துருப்பிடிக்கும். ஆனால் குடிதண்ணீர், சமையல் பாத்திரத்துக்குக் காரீயம் கலந்த பற்று வேண்டவே வேண்டாம். புளியும் எலுமிச்சையும் காரீயத்தைக் கரைத்து வயிற்றுக்குள் அனுப்பிவிடும். குழந்தைகளுக்கு அது மூளையைத் தாக்கும் விஷம். இந்த விஷயத்தில் நான் யாரோடும் சமாதானத்துக்கு வரமாட்டேன்.

முறிந்த சாவியின் பாதி இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. பேரனிடம் எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சைக்கிளை வெல்டிங் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனான்.